ஊசியும் சோறும் சேர்ந்து நடக்க வேண்டும்

(தோட்டக் கிளைச் சங்கத்தின் குடும்ப தினக் கூட்டத்தில் ஒரு பால்வெட்டுத் தம்பதியர் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



சம்பளத்தையும் வீட்டு வசதியையும் பற்றிப் பேசிப் பழகிய மேடை இது. இன்று ஒரு தட்டுச் சோற்றைப் பற்றிப் பேசும்படி எங்களை அழைத்திருக்கிறீர்கள். நாங்கள் படித்தவர்கள் அல்லர், டாக்டர்களும் அல்லர். கணவனும் மனைவியுமாகப் பால் வெட்டிப் பிழைப்பவர்கள். எங்கள் மகளுக்கு ஒன்பதாவது வயதில் முதல் வகை நீரிழிவு வந்தது. அந்த நோயோடு எப்படிச் சாப்பிட்டு வாழ்வது என்பதை நாங்கள் மூன்று முறை தவறிழைத்துக் கற்றுக்கொண்டோம். அந்தத் தவறுகளை இன்னொரு குடும்பம் செய்யாதிருக்க வேண்டும் என்பதற்காகவே இங்கு வந்து நிற்கிறோம்.

முதல் தவறு, நோயை அறியாதது. பிள்ளை ஓயாமல் தண்ணீர் கேட்டாள். இரவில் நான்கு ஐந்து முறை எழுந்து போனாள். படுக்கை நனையாத பிள்ளை மறுபடியும் படுக்கையை நனைத்தாள். நன்றாகச் சாப்பிட்டும் உடல் மெலிந்தது. “உடம்பு சூடு” என்று எண்ணினோம். தாகத்துக்கு இளநீரும் சீனி போட்ட சர்பத்தும் கொடுத்தோம். எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்க்கிறோம் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. பிறகு வயிற்று வலியும் வாந்தியும் வந்தன. அருகிலிருந்த ஒரு மருந்தகத்தில் வயிற்றுக் கோளாறு என்று சொல்லி மருந்து கொடுத்து அனுப்பினார்கள். விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்த்திருந்தால் அன்றைக்கே விஷயம் வெளியாகியிருக்கும். மறுநாள் இரவு பிள்ளை பெருமூச்சு விட ஆரம்பித்தாள். மூச்சில் அழுகிய பழ வாடை அடித்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இன்னும் சில மணி நேரம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்றார் டாக்டர்.

ஆகவே தாய்மார்களே, இந்த நான்கையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமில்லாத மெலிவு, எப்போதும் சோர்வு. இவை ஒரு பிள்ளையிடம் சேர்ந்து தோன்றினால் அன்றே இரத்தச் சீனியைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். “பார்க்க வேண்டியதில்லை” என்று யாராவது சொன்னாலும் விடாமல் கேளுங்கள். கேட்பது நம் உரிமை.

பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எங்கள் காதில் விழுந்த பேச்சு ஒன்றுண்டு. “மிட்டாயும் சீனியும் கண்டபடி கொடுத்து வளர்த்தார்கள், அதனால்தான்” என்றார்கள். பெற்றவர்களை இதைவிடப் புண்படுத்தும் சொல் வேறில்லை. அது உண்மையும் அல்ல. நம் தோட்டங்களில் வயதானவர்களுக்கு வரும் இனிப்பு நீர் பெரும்பாலும் இரண்டாம் வகை. அதற்கும் உடற்பருமன், உழைப்புக் குறைவு, பரம்பரை, உணவுப் பழக்கம் இவற்றுக்கும் தொடர்பு உண்டு. முதல் வகை வேறு. உடலைக் காக்க வேண்டிய காவல் சக்தியே தடுமாறி, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் உயிரணுக்களை அழித்துவிடுகிறது. இன்சுலின் இல்லையேல் நாம் உண்ணும் சோறு சீனியாக மாறி இரத்தத்தில் தேங்கி நிற்கும், உடலுக்குள் இறங்காது. பிள்ளை சாப்பிடச் சாப்பிடப் பட்டினி கிடக்கும். இதற்கு மிட்டாயும் காரணமல்ல, பெற்றவளும் காரணமல்ல, முன்வினையும் காரணமல்ல.

இரண்டாவது தவறு, வீட்டுக்கு வந்தபின் நாங்கள் செய்தது. சீனி வியாதிதானே, சோற்றை நிறுத்தினால் தீரும் என்று நினைத்தோம். ஒரு கைப்பிடிச் சோறு, கொஞ்சம் கீரை, அவ்வளவுதான். தம்பி முழுத் தட்டுச் சோறு சாப்பிடும்போது அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். ஆனால் ஊசியின் அளவை நாங்கள் குறைக்கவில்லை. ஒரு நள்ளிரவில் பிள்ளை வியர்வையில் நனைந்து, கை கால் நடுங்கி, கூப்பிட்டால் பதில் சொல்லாமல் விழித்தாள். இரத்தச் சீனி அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. சீனித் தண்ணீர்தான் அன்று அவளை மீட்டது. எந்தச் சீனியை விஷமென்று அலமாரிக்கு மேல் ஒளித்து வைத்தோமோ, அதே சீனி!

சோற்றைக் குறைத்து இந்நோயை ஆள முடியாது என்பதற்குச் சரித்திரமே சாட்சி. இன்சுலின் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன் அமெரிக்காவில் ஃபிரெடெரிக் ஆலன் என்ற டாக்டர், நோயாளிகளைப் பட்டினிக்கு ஒப்பான உணவில் வைத்திருந்தார். பிள்ளைகள் எலும்பும் தோலுமாகச் சில காலம் உயிரை நீட்டினார்கள், பிறகு மாண்டார்கள். அன்று அதைவிட நல்ல வழி உலகத்தில் இருக்கவில்லை. 1921-இல் கனடா தேசத்து டொராண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் என்ற இருவர் ஆராய்ச்சியைத் தொடங்கினார்கள். மக்ளியோட், காலிப் ஆகியோரும் அந்தப் பணியில் சேர்ந்தவர்கள். 1922 ஜனவரியில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. சாவின் விளிம்பில் கிடந்த அந்தப் பையன் எழுந்து அதன்பின் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். தொழிலாளர்களாகிய நாம் மறக்கக் கூடாத செய்தி இன்னொன்று: அம்மருந்தின் உரிமையைப் பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டாலர் என்ற பெயரளவு விலைக்கே எழுதிக் கொடுத்தார்கள். உயிர் காக்கும் மருந்தை வைத்துத் தாங்கள் பணம் சேர்க்க அவர்கள் விரும்பவில்லை.

மூன்றாவது தவறைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆயினும் சொல்லுகிறோம். “ஊசி போட்டால் ஆயுளுக்கும் ஊசிதான், பாகற்காய்ச் சாறும் இலைச் சாறும் கொடுத்தால் வேரோடு போய்விடும்” என்று ஒருவர் சொன்னார். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். நாங்களும் ஆசைப்பட்டு ஊசியைப் பாதியாகக் குறைத்தோம். நான்காம் நாள் பிள்ளை மறுபடியும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள். பாகற்காயைக் கறியாக்கிச் சாப்பிடுங்கள், நல்லது. இன்சுலினுக்குப் பதிலாக நிற்கக்கூடிய சாறோ, வேரோ, தாயத்தோ இன்றுவரை கிடையாது. காய்ச்சல் வந்து பிள்ளை ஒன்றும் சாப்பிடாத நாளிலும் இன்சுலினை அடியோடு நிறுத்தக் கூடாது. அளவை டாக்டரிடம் கேட்டு மாற்றலாம். நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

அந்த இரண்டாம் முறைதான் ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகர் அம்மையார் எங்களை உட்கார வைத்துப் பேசினார். “உங்கள் மகளுக்குத் தனிச் சாப்பாடு கிடையாது. வீட்டில் எல்லாருக்கும் ஆகும் நல்ல சாப்பாடுதான் அவளுக்கும். ஆனால் எவ்வளவு என்று எண்ண வேண்டும், எண்ணியதற்குத் தக்கபடி ஊசி போட வேண்டும்” என்றார். எங்கள் வீட்டில் விளக்கு ஏற்றியதுபோல் இருந்தது.

எண்ணுவது எதை? மாவுச்சத்தை. இரத்தச் சீனியை விரைந்து ஏற்றுவது அதுதான். தேநீர்க் கோப்பை அளவில் ஒரு கோப்பைச் சோற்றில் 40 முதல் 45 கிராம் வரை மாவுச்சத்து உண்டு. நடுத்தர இட்டலி ஒன்றில் ஏறக்குறைய 10 முதல் 12 கிராம். ஒரு துண்டு ரொட்டியில் 15. ஒரு ரொட்டி சானாயில் ஏறக்குறைய 45. சிறிய வாழைப்பழம் ஒன்றில் 15. ஒரு தேக்கரண்டிச் சீனியில் 5. மீன், கோழி, முட்டை இவற்றில் மாவுச்சத்து இல்லையென்றே சொல்லலாம். ஆனால் கோழிக் குழம்பில் உருளைக்கிழங்கு போட்டால் அதை எண்ணவேண்டும். கீரை, வெண்டைக்காய், கத்தரிக்காய், பயற்றங்காய் இவற்றில் மிகக் குறைவு, வயிறும் நிறையும்.

பால் வெட்டுகிறவனுக்கு எண்ணத் தெரியாதா? எத்தனை மரம், எத்தனை கிலோ, எத்தனை வெள்ளி என்று நாள்தோறும் எண்ணுகிறோம். ஒரு கிலோ குறைத்து எழுதினால் தராசடியிலேயே சண்டை போடுகிறோம். அந்தக் கணக்கை அடுப்பங்கரைக்குக் கொண்டுவந்தோம்; அவ்வளவுதான். ஒரே கோப்பையைச் சோற்றுக்கு அளவாக வைத்தோம். முதல் மாதம் ஒவ்வொன்றையும் நிறுத்தோம். இப்போது கண்ணால் பார்த்தே மகள் சொல்லிவிடுவாள். எத்தனை கிராமுக்கு ஒரு யூனிட் ஊசி என்பது ஆளுக்கு ஆள் மாறும். வயதுக்கும் வேளைக்கும்கூட மாறும். ஆகவே எங்கள் மகளின் கணக்கை இங்கே சொல்லமாட்டோம். உங்கள் பிள்ளையின் கணக்கை உங்கள் டாக்டர்தான் சொல்லவேண்டும்.

நம் சாப்பாட்டில் ஒளிந்து கிடக்கும் சில பொறிகளையும் சொல்லிவிடுகிறோம். தேத்தண்ணீரில் நாம் ஊற்றும் டின் பாலில் பாதி எடை சீனிதான். ஒரு மேசைக்கரண்டிக்கு 11 கிராம் வரை வரும். பெரட்டுக்கு முன் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, மாலையில் ஒன்று என்று குடித்தால், சோறு தொடாமலே சோற்றின் கணக்கு ஏறிவிடும். “கருப்பட்டி நல்லது, தேன் நல்லது, வெல்லம் நல்லது” என்பார்கள். இரத்தத்துக்கு அவையும் சீனிதான். “சீனியில்லாத பிஸ்கோத்து” என்று எழுதியிருக்கும், மாவு இருக்கிறதே! கேழ்வரகுக் கூழையும் கோதுமைச் சப்பாத்தியையும் கணக்கில்லாமல் சாப்பிடலாம் என்று எண்ணுவதும் தவறு. ரொட்டி சானாய், நாசி லெமாக், பிரியாணி இவை எண்ணெயும் தேங்காய்ப்பாலும் சேர்ந்தவை. சாப்பிட்டவுடன் சீனி ஏறாது. சில மணி நேரம் கழித்து ஏறி நெடுநேரம் நிற்கும். சாப்பிடக் கூடாது என்று சொல்லவில்லை. தீபாவளிக்கு எங்கள் மகள் முறுக்கும் சாப்பிடுகிறாள், நெய்யுருண்டையும் சாப்பிடுகிறாள். எண்ணிவிட்டு, ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடுகிறாள். திருட்டுத்தனமாகச் சாப்பிட்டுவிட்டு மறைக்கும் பிள்ளைக்குத்தான் ஆபத்து. அந்தத் திருட்டை உண்டாக்குவது நம்முடைய தடைதான்.

தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்க அவள் ஆசைப்பட்டபோதும் அவ்வாறே செய்தோம். இரண்டு மாதத்துக்கு முன்பே டாக்டரிடம் கேட்டு, மரக்கறி உணவை வேளை தவறாமல் கொடுத்து விரதம் இருக்க வைத்தோம். நடக்கும்போது இடுப்புப் பையில் சீனிக் கட்டிகளும் சோதனைக் கருவியும் இருந்தன. வழியில் சீனி இறங்கியது; உட்கார வைத்துச் சீனித் தண்ணீர் கொடுத்தோம். “விரதம் கெட்டுவிட்டதே” என்று ஒரு பாட்டி முணுமுணுத்தார். முருகன் கேட்பது பிள்ளையின் பக்தியை; அவள் உயிரை அல்ல என்றோம்.

சீனி இறங்கும் நேரத்தைப் பற்றி எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். இரத்தச் சீனி 4-க்குக் கீழே போனால் அபாயம். வியர்வை, நடுக்கம், திடீர்ப் பசி, எரிச்சல், உளறல் தோன்றும். பெரியவர்களுக்கு மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். அல்லது சீனி உள்ள பானம் அரைக் கிளாஸ் கொடுங்கள். பிள்ளைகளுக்கு டாக்டர் சொன்ன அளவு. பதினைந்து நிமிடம் கழித்து மறுபடியும் பாருங்கள். ஏறவில்லையென்றால் மறுபடியும் கொடுங்கள். அடுத்த சாப்பாட்டுக்கு நேரம் இருந்தால் இரண்டு பிஸ்கோத்தோ ஒரு துண்டு ரொட்டியோ கொடுங்கள். சாக்லெட்டைத் தேடாதீர்கள், அதிலுள்ள கொழுப்பு சீனியைத் தாமதப்படுத்தும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். மூச்சுக் குழாயில் இறங்கிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 999-ஐ அழையுங்கள்.

தோழர்களே! இதுவரை பேசியது வீட்டு விஷயம் என்று நினைக்க வேண்டாம். இனிச் சொல்லப்போவது சங்கத்தின் விஷயம்.

நாங்கள் முன்பு வேலை செய்த ஒரு தோட்டத்தில் ஒரு வாலிபன் இருந்தான். அவனுக்கும் முதல் வகைதான். காலை மாலை இருவேளைக் கலப்பு ஊசி போடுகிறவன். அந்த ஊசி உடலுக்குள் போய்விட்டால் வேளைக்குச் சாப்பாடு போயே ஆகவேண்டும். நம் தொழிலோ வேளை பாராத தொழில். விடியுமுன் மழை பிடித்தால் மரம் காயும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு வெட்டுத் தொடங்கினால் மங்கு நிறைந்து பால் எடுத்து முடியும்வரை உட்கார நேரமில்லை. போதாததற்கு, உழைக்கும் உடல் சீனியை வேகமாகச் செலவழிக்கும். வேலை முடிந்து பல மணி நேரம் கழித்தும்கூட இறக்கிவிடும். அப்படி ஒரு மழை நாளில் அவன் நிரையின் நடுவே தடுமாறினான், நாக்குக் குழறியது. மண்டோர் வந்து பார்த்துவிட்டு, “காலையிலேயே குடித்துவிட்டு வந்திருக்கிறான்” என்று எழுதி அனுப்பினார். அன்றைய கூலி போயிற்று. எச்சரிக்கைக் கடிதமும் வந்தது. பக்கத்து நிரையில் வெட்டிய ஒரு கிழவி தன் தேத்தண்ணீர்ப் போத்தலை அவன் வாயில் வைத்திராவிட்டால் ஆளே போயிருப்பான். அவன் கள்ளைத் தொட்டவன் அல்லன். இன்சுலின் போடுகிறவர்களுக்கு மது இரட்டை ஆபத்து என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். மது சீனியை இறக்கும்; இறங்கியதைப் பிறர் அறியாமல் மறைக்கவும் செய்யும்.

அந்த வாலிபன் தன் நோயை ஏன் யாரிடமும் சொல்லவில்லை? வேலை போய்விடும் என்ற பயம். இந்தப் பயத்தைப் போக்குவது சங்கத்தின் கடமையல்லவா?

1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம், ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, நடுவே முப்பது நிமிடமேனும் ஓய்வு வேண்டும் என்று சொல்லுகிறது. அதுவும் போராட்டங்களின் காலத்தில் எழுதப்பட்ட சட்டம்தான். ஆனால் இறங்கும் சீனி ஐந்து மணி நேரம் காத்திருக்காது. ஆகவே இக்கிளையின் முன் சில வேண்டுகோள்களை வைக்கிறோம்.

ஒன்று: இன்சுலின் போடும் தொழிலாளி எந்த நேரத்திலும் வேலையை நிறுத்தி இரத்தம் பார்க்கவும் சாப்பிடவும் உரிமை வேண்டும். அந்தப் பதினைந்து நிமிடத்துக்குக் கூலி பிடிக்கக் கூடாது.

இரண்டு: மண்டோர்களுக்கும் கிராணிகளுக்கும் சீனி இறங்கும் அறிகுறிகளைக் கற்றுக்கொடுக்க வேண்டும். தள்ளாடுகிறவனைக் குடிகாரன் என்று எழுதுமுன் சீனித் தண்ணீர் கொடுக்க வேண்டும்.

மூன்று: பெரட்டுக் களத்திலும் பால் ஸ்டோரிலும் சீனியும் சோதனைக் கருவியும் வைக்க வேண்டும்; குளிர்ப்பெட்டியும் வேண்டும். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக் குளிரில் இருக்க வேண்டும், உறையவும் கூடாது. மோட்டார் சைக்கிள் பெட்டியில் வெயிலில் வேகவைத்த இன்சுலின் வெறும் தண்ணீருக்குச் சமம். குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டில், கையாளும் மருந்தை ஈர மணலில் வைத்த மண் பானைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

நான்கு: பள்ளிக்கூடத்தில் இப்பிள்ளைகள் வகுப்பு நடுவே சாப்பிடவும் ஊசி போடவும் அனுமதி வேண்டும். எங்கள் மகளைச் சீனி இறங்கிய நேரத்தில், “ரெஸ்ட் மணி அடிக்கட்டும்” என்று ஒருமுறை உட்கார வைத்துவிட்டார்கள். நாங்கள் டாக்டர் கடிதத்தோடு நேரில் போய்ச் சொன்னோம். இன்று அதே வகுப்பில் ஆசிரியர் மேசையிலேயே ஒரு பொட்டலம் சீனி இருக்கிறது. எடுத்துச் சொன்னால் மனிதர்கள் திருந்துகிறார்கள். சொல்லத்தான் ஆள் வேண்டும்.

ஐந்து: அரசாங்க ஆஸ்பத்திரியில் இன்சுலின் சொற்பக் கட்டணத்தில் கிடைக்கிறது. ஆனால் இரத்தம் பார்க்கும் பட்டைகளைப் பெரும்பாலும் நாமே வாங்க வேண்டியிருக்கிறது. பட்டைக்குக் காசில்லாமல் கண்ணை மூடிக்கொண்டு ஊசி போடும் குடும்பங்களுக்குச் சங்க நலநிதி கைகொடுக்க வேண்டும்.

தாய்மார்களே! எங்கள் மகளுக்கு இப்போது பதினாறு வயது. நோய் தீர்ந்துவிட்டதா என்று கேட்பீர்கள். தீரவில்லை, தினமும் நான்கு ஊசி. சில நாள் எண்ணியது சரியாக இருக்கும்; சில நாள் எவ்வளவு எண்ணினாலும் பொய்த்துப் போகும். அந்த நாட்களில் அவளைத் திட்டுவதில்லை என்று நாங்கள் உறுதி எடுத்திருக்கிறோம். கருவியில் தெரியும் எண் மார்க்கு அல்ல; அடுத்த வேளைக்கு என்ன செய்யலாம் என்று சொல்லும் வழிகாட்டி, அவ்வளவே.

இன்று எங்கள் வீட்டில் யாரும் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. ஒரே சட்டிச் சோறு, ஒரே குழம்பு. அவள் தட்டை எண்ணுகிறாள், ஊசி போடுகிறாள், தம்பியோடு சண்டை போட்டுக்கொண்டே சாப்பிடுகிறாள். உழைக்கிற குடும்பத்துக்கு இது பெரிய வரமல்ல. கிடைக்க வேண்டிய நியாயம். இந்த நியாயம் நம் தோட்டத்திலுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும், ஒவ்வொரு தொழிலாளிக்கும் கிடைக்கச் சங்கம் துணை நிற்கட்டும் என்று கேட்டுக்கொண்டு அமர்கிறோம்.